முகத்துக்கு முன்னே மண்டை: மலையகத்தில் களிமண்ணில் தலையும் உருவமும் செய்யப் பழகுவோருக்கு

முதன்முதலாகத் தலை செய்ய உட்காருபவர் பெரும்பாலும் ஒரு மண்ணுருண்டையை எடுத்து, அதன் முன்பக்கத்தில் கண், மூக்கு, வாய் என்று ஒட்டத் தொடங்கிவிடுவார். அரை மணித்தியாலத்தில் முகம் போல ஒன்று வந்துவிடும். பக்கவாட்டில் திருப்பினால் அது ரொட்டியில் வரைந்த முகம்: பின்மண்டை இல்லை, காது கன்னத்தில் இருக்கிறது, கண் நெற்றிக்கு ஏறியிருக்கிறது. இந்த ஒரு பிழையைத் தவிர்த்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மண்டையின் பருமனும் கழுத்தின் சாய்வும் சரியாக வந்துவிட்டால், கண்ணும் மூக்கும் சுமாராக இருந்தாலும் ஆள் யாரென்று தெரியும்.

மலைநாட்டில் செய்பவருக்கு இன்னொரு பாடமும் உண்டு. அது ஈரம். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையும் மூடுபனியும். அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். ஒரே தலை ஓரிடத்தில் பத்து நாளில் காயும், மற்ற இடத்தில் ஐந்து வாரம் எடுக்கும். அதனால் கீழே சொல்லும் நாட்கணக்கை விட, மண்ணின் நிலையைப் பார்த்து நடப்பதே முக்கியம்.

மண்

தேயிலைச் சரிவில் இருக்கும் செம்மண் அப்படியே சிற்பத்துக்கு ஆகாது. அதில் கல் மணலும் காக்காய்ப்பொன்னும் கலந்திருக்கும். ஒட்டுத்தன்மை குறைவு, வளைத்தால் வெடிக்கும். வயல் ஓரம், ஓடைக்கரை, செங்கல் அறுக்கும் இடம் போன்ற தாழ்வான இடங்களில் கிடைக்கும் களியே நல்லது. கொழும்பு–கண்டி வீதியில் கேகாலைக்கு அருகே மொலகொடயில் குயவர்கள் இருக்கிறார்கள். பிசைந்து பதப்படுத்திய மண் அத்தகைய இடங்களில் விலைக்குக் கிடைத்தால் முதல் தடவைக்கு அதுவே மேல். நீங்களே எடுப்பதானால் நிலத்துக்கு உரியவரிடம் கேட்டு எடுங்கள். மலைச்சரிவின் அடியை வெட்டி மட்டும் எடுக்காதீர்கள். அது மேலேயுள்ள மண்ணின் தாங்கலைப் பிடுங்குவதாகும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து குடியிருப்புகளைப் புதைத்ததற்குப் பிறகு மண்சரிவைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எடுத்த மண்ணை இப்படிச் சோதிக்கலாம். பென்சில் தடிப்பில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் சுற்றிக்கொண்டால் ஒட்டுத்தன்மை போதும். மேல்பக்கத்தில் சின்னச் சின்னக் கீறல் விழுந்தால் பயன்படுத்தலாம். இரண்டாக முறிந்தால் அந்த மண்ணை விட்டுவிடுங்கள்.

பதப்படுத்துவது ஆறுதலான வேலை. முதலில் மண்ணை நன்றாகக் காயவிட்டு உடையுங்கள். காயாத கட்டியைத் தண்ணீரில் போட்டால் நாட்கணக்கில் கரையாது; காய்ந்த கட்டி மணித்தியாலத்துக்குள் தானாகவே நொறுங்கிவிடும். இரண்டு நாள் ஊறவிட்டு, நுளம்பு வலையில் வடித்து, தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மிச்சக் குழம்பைப் பழைய சாரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைந்து பொலித்தீனில் சுற்றி இரண்டு மூன்று வாரம் வையுங்கள். புளித்த வாசம் வந்தால் மண் கெட்டுவிட்டதென்று எறிந்துவிட வேண்டாம். பழகிய மண் அப்படித்தான் மணக்கும், கைக்கும் நன்றாக இணங்கும்.

சுத்தமான களி காயும்போது அதிகம் சுருங்கி வெடிக்கும். அதற்கு ஓட்டுத்தூள் சேர்க்க வேண்டும். உடைந்த பூச்சாடி, கூரை ஓடு, செங்கல் எதையாவது இடித்து, அதே வலையில் சலித்து, ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலவுங்கள். இடிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்; அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகக்கூடாது. லயத்துக் கூரையிலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக் கூரையிலிருந்து, கழற்றிப்போட்ட அஸ்பெஸ்டஸ் தகட்டை எக்காரணம் கொண்டும் இடிக்காதீர்கள். அது ஓடு அல்ல, நஞ்சு.

எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டியே அறிய, 12 செ.மீ நீளமும் 1 செ.மீ தடிப்பும் உள்ள பட்டை ஒன்று செய்து, அதில் சரியாக 10 செ.மீ கோடு கீறி நிழலில் காயவையுங்கள். கோடு 9.3 செ.மீ ஆனால் சுருக்கம் 7 வீதம்; அது நல்ல மண். 9 செ.மீக்கு இறங்கினால் இன்னும் ஓட்டுத்தூள் வேண்டும். ‘பலமாக இருக்கட்டும்’ என்று சீமெந்து கலக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சீமெந்து கையை அரிக்கும், ஒரே நாளில் இறுகிவிடும், மிச்ச மண்ணை மறுபடி கரைத்தெடுக்கவும் விடாது. பழகும் காலத்தில் பிடிக்காத தலையைக் கரைத்து அடுத்ததைச் செய்ய முடிவதுதான் களிமண்ணின் பெரிய நன்மை. அதை வீணாக்க வேண்டாம்.

கருவிகள்

கடையில் வாங்க வேண்டியது மிகக் குறைவு. மூங்கிலைச் சீவி ஒரு முனை கத்தி போலவும் மறுமுனை தேக்கரண்டி போலவும் ஒரு குச்சி. பொதி கட்டும் இரும்புப் பட்டியை வளைத்துக் குச்சியில் கம்பியால் கட்டினால் மண் சுரண்டும் வளையம். பெரியது ஒன்று, விரல் நகமளவு சின்னது ஒன்று. பல் உள்ள இரும்பு வாள் துண்டு, மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்த. மண் வெட்ட மெல்லிய கம்பி, இரண்டு நுனியிலும் குச்சி கட்டியது. தண்ணீர் தெளிக்க ஒரு போத்தல். அளவெடுக்க இடுக்கிமானி, இல்லாவிட்டால் இரண்டு வளைந்த மூங்கில் சிம்புகளை ஓர் ஆணியில் பொருத்திக் கொள்ளலாம், அதுவே போதும்.

செலவு செய்வதானால் சுழலும் பலகைக்குச் செய்யுங்கள். இரண்டு பலகைகளை நடுவில் ஒரு போல்ட்டும் வாசரும் போட்டு, கிறீஸ் பூசிப் பொருத்தினாலும் சுழலும். சுழலாத பலகையில் செய்பவர் முன்பக்கத்திலேயே தங்கிவிடுவார், ரொட்டி முகம் அங்கேதான் பிறக்கிறது.

தலை: 15 செ.மீ அளவில்

முதல் தலைக்கு உச்சியிலிருந்து நாடி (முகவாய்) வரை 15 செ.மீ வையுங்கள். இதற்குக் கழுத்தோடு சேர்த்து 4 கிலோ மண் தாராளம். ஆள் அளவில், ஏறத்தாழ 23 செ.மீயில் செய்தால் 12 கிலோ வரை வேண்டும். தாங்குகம்பு, காயும் காலம், சுடும் ஆபத்து எல்லாம் கூடும். 15 செ.மீக்குக் குறைத்தால் கண்ணிமை செய்ய விரல் போகாது.

30 செ.மீ சதுரப் பலகையின் நடுவில் 18 செ.மீ உயரமான கட்டை அல்லது அரை அங்குலக் குழாய் ஒன்றை நிமிர்த்திப் பொருத்துங்கள். இதுதான் தாங்குகம்பு. அதைச் சுற்றிப் பத்திரிகைத் தாளும் அதன்மேல் பொலித்தீனும் சுற்றினால் பிறகு தலையை மேலே உருவி எடுக்கலாம். உச்சியில் பத்திரிகைத் தாளை முட்டை வடிவில் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். நீளம் 8 செ.மீ போதும். மண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாக, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து ஏற்றுங்கள். பெரிய தகடாக ஒட்டினால் உள்ளே காற்றும் ஈரமும் சிறைப்படும்.

முதல் ஒரு மணித்தியாலம் முகமே இல்லை. பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மண்டை, பின்பக்கம் பெருத்த முட்டை. முகம் அதன் முன்கீழே தொங்கும் ஆப்பு. நெற்றியிலிருந்து பின்மண்டை வரை ஆழம் 13 செ.மீ, காதுக்கு மேல் அகலம் 10.5 செ.மீ. ஆழம் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது என்பதைத்தான் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர் இடுக்கிமானியைத் தன் தலையிலேயே வைத்துப் பார்க்கட்டும். கழுத்து நேராக ஏறும் தூண் அல்ல. கீழே பின்னாலிருந்து மேலே முன்னோக்கிச் சாயும். பின்கழுத்து மண்டையைச் சந்திக்கும் இடம் நாடியை விட உயரத்தில், ஏறத்தாழக் காதுமடலின் அடி மட்டத்தில் இருக்கும்.

வடிவம் வந்ததும் தீக்குச்சிகளைக் குத்தி அளவைக் குறியுங்கள். உச்சியிலிருந்து கீழ்நோக்கி: முடிக்கோடு 1.8, புருவம் 6.2, கண் 7.5, மூக்கடி 10.6, வாய்க்கோடு 12.1, நாடி 15 செ.மீ. கண் சரிபாதியில் விழுவதைக் கவனியுங்கள். முடிக்கோட்டிலிருந்து நாடி வரை மூன்று சம பங்கு, ஒவ்வொன்றும் 4.4 செ.மீ. நம் சிற்ப மரபும் இதைத்தான் சொல்கிறது: முகம் ஒரு தாளம், அது 12 அங்குலம், நாலு நாலாக மூன்று பங்கு. அந்த அங்குலம் அடிமட்டத்தில் உள்ளதல்ல, உருவத்துக்குள்ளேயே பிறக்கும் அளவு. ஒன்பது தாளம் கொண்ட நவதாளத்தில் முழு உருவம் 108 அங்குலம். ஸ்தபதிகள் வழிவழியாகக் கையாண்ட பங்கும் இடுக்கிமானி காட்டும் பங்கும் முகத்தில் ஒன்றாக வருவதால், இதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பிறகு ஒவ்வொரு ஆளிடமும் எங்கே விலகுகிறது என்று பாருங்கள். சாயல் அந்த விலகலில்தான் இருக்கிறது.

ஆளை வைத்துச் செய்வதானால் வயதானவரைத் தேர்ந்தெடுங்கள். குழந்தையின் முகத்தில் எலும்பு தெரியாது. இளம் முகத்தில் மண் தவறினால் பொம்மையாகிவிடும். அப்பாயியை (அப்பாவின் அம்மாவை) இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், கதிரை போட்டு உட்காரவைத்தால் கன்ன எலும்பு, புருவ மேடு, தாடை மூலை மூன்றும் தாமாகவே சொல்லித்தரும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். அறையின் நடுவில் தொங்கும் ஒற்றைப் பல்ப் மேலிருந்து அடித்தால் கண்குழி இரண்டும் கறுத்து, ஆழம் தவறாகத் தெரியும்.

கண்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் கண்குழியை அழுத்துங்கள், துணிந்ததை விடக் கொஞ்சம் கூடுதலாக. மூக்குப் பாலத்துக்கு இரு பக்கமும் பள்ளம் விழாமல் வைத்த கண், முகத்தில் ஒட்டிய பொத்தான் மாதிரி நிற்கும். மனிதக் கண்விழி ஏறத்தாழ 24 மி.மீ, நம் அளவுக்கு 16 மி.மீ உருண்டை. அதைக் குழிக்குள் வைத்து, முழுப் பந்தாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இமை என்பது பந்தின்மேல் போர்த்திய தோல். 3 மி.மீ தடிப்பில் இரண்டு பட்டை உருட்டி, முதலில் கீழிமை, அதன்மேல் மேலிமை. வெளிமூலையில் மேலிமை கீழிமையைச் சற்று மூடிக்கொண்டு இறங்கும். மேலிருந்து பார்த்தால் மேலிமை கீழிமையை விட முன்னே நிற்க வேண்டும். வெளிமூலை உள்மூலையை விடப் பின்னே போக வேண்டும். இரண்டு மூலையும் ஒரே தளத்தில் இருந்தால் கண் மீன் செதில் போலத் தட்டையாகும். கருவிழிக்கு ஒரு சின்னக் குழி தோண்டி, அதன் மேலோரத்தில் மண்ணின் சிறு புள்ளியை விட்டுவிடுங்கள். குழி நிழலாகும், புள்ளி ஒளியாகும், பார்வை வரும்.

வாய் பல்வரிசையின் வளைவில் உட்காருகிறது. தகரப் பேணி ஒன்றின்மேல் உதட்டை வரைவதாக நினைத்தால் மூலைகள் எப்படிப் பின்னோக்கி ஓடும் என்று புரியும். காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையில் 4.4 செ.மீ, பக்கவாட்டில் தலையின் நடுக்கோட்டுக்குப் பின்னால், மேல்முனை சற்றுப் பின்னே சாய்ந்து. முடியை இழை இழையாகக் கீறாதீர்கள். எண்ணெய் வைத்து வாரிய முடியும் கொண்டையும் ஒரு திரளாகத்தான் தெரியும்; திரளைச் செய்துவிட்டு மூன்று நாலு கோடு போட்டால் போதும்.

சரிபார்க்க நல்ல வழி: இரவில் விளக்கை அணைத்து, டோர்ச் லைட்டைத் தலைக்குப் பின்னால் பிடித்து, நிழலைச் சுவரில் விழவைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். அப்பாயியின் நிழலையும் அப்படியே விழவைத்துப் பாருங்கள். பகலில் தெரியாத பிழை, குறிப்பாக நாடிக்குக் கீழே நிரம்பிவிட்ட மண்ணும் தட்டையான பின்மண்டையும், சுவரில் அப்பட்டமாகத் தெரியும்.

வேலைக்கு இடையில் ஈரத்துணி போர்த்தி மேலே பொலித்தீன் மூடுங்கள். துணி மூக்கில் ஒட்டி அதைச் சிதைக்காமலிருக்கத் தலையைச் சுற்றி நான்கு ஈர்க்கு நட்டு அவற்றின்மேல் போர்த்த வேண்டும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி விழும் நாட்களில் ஈரத் தலையை இஸ்தோப்பில் விடாதீர்கள். உள்ளேயுள்ள தண்ணீர் உறைந்து விரிந்தால் மண் பொருக்காக உரிந்துவிடும்.

குடைவது, காயவைப்பது

மண் தோல்பதத்துக்கு வரட்டும்: நகம் பட்டால் தடம் விழும், விரலால் அழுத்தினால் நெளியாது. அப்போது கம்பியால் ஒரு காதுக்குப் பின்னாலிருந்து மறு காது வரை, முடிக்கோட்டுக்குப் பின்னே, மண்டையின் மூடியை வெட்டி எடுங்கள். வெட்டும் முன் குறுக்கே இரண்டு கோடு கீறினால் மறுபடி பொருத்தும்போது இடம் தவறாது. தாள் முட்டையை வெளியே இழுத்து, வளையத்தால் சுவர் 1.5 செ.மீ ஆகும்வரை குடையுங்கள். நாடிக்குள்ளும் மூக்குக்குப் பின்னாலும் மண் கனமாக நிற்கும், அங்கே மறக்கக் கூடாது. ஊசியைக் குத்தித் தடிப்பைப் பாருங்கள். பிறகு இரு விளிம்பையும் குறுக்கும் மறுக்கும் கீறி, அதே மண்ணின் குழம்பைப் பூசி, மூடியை அழுத்தி அசைத்துப் பொருத்துங்கள். தாங்குகம்பை உருவியதும் கழுத்தடியில் வரும் துளை திறந்தே இருக்கட்டும். கம்பை உள்ளே விட்டுக் காயவைத்தால் மண் சுருங்கும், கம்பு சுருங்காது, கழுத்தில் சுற்றி வெடிக்கும்.

காது, மூக்கு நுனி, இமை முதலில் காயும், கழுத்து கடைசியில். அந்த வித்தியாசந்தான் வெடிப்புக்குக் காரணம். முதல் வாரம் பொலித்தீன் தளர்வாக மூடி, காதுக்கு மட்டும் ஈரத்துணி. இரண்டாம் வாரம் பத்திரிகைத் தாள் போர்த்தினால் போதும். மழைக்காலத்தில் கடைசிக் கட்டத்துக்கு விறகடுப்புக்கு மேலேயுள்ள பரண் நல்ல இடம், ஆனால் தோல்பதத்தில் அங்கே ஏற்றாதீர்கள். காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

சுடுவது

செங்கல் சூளைக்காரரோ குயவரோ தம் அடுக்கில் இடம் கொடுத்தால் அதை விட நல்லது இல்லை. தனியே சுடுவதானால் மரத்தூள் அடுப்பு தொடக்கத்துக்கு ஏற்றது. லயத்திலிருந்து தூரத்தில், காற்று மறைவான இடத்தில், மழையில்லாத நாளில் மட்டும். ஒரே கூரையின் கீழ் பல குடும்பம் இருக்கும் இடத்தில் ஒரு பொறியும் பறக்கக் கூடாது. பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

முதலில் தலையைச் சிறு நெருப்புக்கு அருகே, திருப்பித் திருப்பி, மூன்று நாலு மணித்தியாலம் சூடாக்குங்கள். கை வைக்க முடியாத சூடு வர வேண்டும். மிச்ச ஈரம் 100 பாகையில் நீராவியாகும். வெளியேற நேரம் கொடுக்காவிட்டால் தலை துண்டு துண்டாகத் தெறிக்கும். சூட்டில் வெடித்த தலைகளில் பெரும்பாலானவை அவசரத்தில் வெடித்தவை.

செங்கற்களைச் சாந்தில்லாமல் 60 செ.மீ சதுரமாக, இடையிடையே விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மரக்காலையில் கிடைக்கும் காய்ந்த மரத்தூளை அடியில் 10 செ.மீ பரப்பி, தலையை உள்ளும் புறமும் தூள் நிரப்பி வைத்து, மேலே இன்னும் 10 செ.மீ மூடுங்கள். உச்சியில் தேயிலைச் செடியைக் கத்தரித்த கவாத்துக் குச்சிகளை எரித்துத் தணலாக்கி, தகரத்தால் சற்று இடைவெளி விட்டு மூடிவிட்டால் தூள் மேலிருந்து கீழே கனன்று இறங்கும். ஒரு பகலும் இரவும் ஆகலாம். புகை நின்றதும் திறந்து பார்க்க மனம் துடிக்கும். திறக்காதீர்கள். மண்ணிலுள்ள படிகக் கல் 573 பாகையைக் கடக்கும்போது சட்டென்று பருமன் மாறும். அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் மயிரிழைக் கீறல் விழும். வெறும் கையால் தொடக்கூடிய அளவு ஆறட்டும்.

இந்த அடுப்பில் புகை உள்ளே தங்குவதால் தலை கறுப்பாக, சாம்பல் திட்டோடு வரும். செங்கல் சிவப்பு வேண்டுமானால் காற்றோட்டமுள்ள சூளை வேண்டும். இது குறைந்த சூட்டில் வெந்த மண். மழையில் வைக்கக் கூடாது.

முழு உருவம்: கொழுந்து பறிப்பவர்

இரண்டு மூன்று தலை செய்த பிறகு உருவத்துக்கு வாருங்கள். நின்ற உருவத்துக்குக் கம்பி எலும்புக்கூடு வேண்டும், கம்பியோடு சுட முடியாது. இந்தச் சிக்கலுக்கு மலையகத்திலேயே விடை இருக்கிறது: இடுப்பில் படங்கு (தடித்த சாக்குத் துணி) கட்டிய பெண். படங்கும் சேலையும் நிலம்வரை கூம்பாக இறங்குவதால் அதுவே தாங்கும் சுவர். உள்ளே வெற்றிடம், கம்பி தேவையில்லை.

நிமிர்ந்தால் 30 செ.மீ வரும் உருவத்துக்குத் தலை 4 செ.மீ. அடி விட்டம் 12 செ.மீ, சுவர் 1.2 செ.மீ, திரி திரியாக அடுக்கி 18 செ.மீயில் இடுப்பு வரை ஏற்றுங்கள். ஒரு நாள் இறுகவிட்டு, பிறகு மார்பும் தோளும். முழங்கை இடுப்பு மட்டத்தில், கையின் நீளம் நாடியிலிருந்து முடிக்கோடு வரை, ஏறத்தாழ 3.5 செ.மீ. தலைக்குள்ளும் கழுத்து வழியே ஒரு ஈர்க்கைச் செலுத்தித் துளை விடுங்கள்.

இந்த உருவத்தின் உயிர் கூடைக்கும் கழுத்துக்கும் இடையில் இருக்கிறது. முதுகில் தொங்கும் கூடையின் கயிறு தலையில் மாட்டியிருப்பதால் சுமை தலையைப் பின்னே இழுக்கிறது. அவர் உடலை முன்னே சாய்த்து ஈடுகட்டுகிறார். கழுத்தின் பக்கத் தசைகள் இரண்டும் கயிறு போல விறைத்திருக்கும். நிமிர்ந்து நின்ற உடலில் கூடையை ஒட்டினால் அது அலங்காரப் பொருளாகத் தொங்கும், பாரமே தெரியாது. தொண்டைக்குழியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: அது பாதத்துக்கு முன்னே விழ வேண்டும். காரைக்கால் அம்மையாரின் பொலன்னறுவைச் செப்புத் திருமேனியைக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்க வாய்த்தால், காறை எலும்பும் விலா எலும்பும் தோளோடு எப்படிச் சேர்கின்றன என்று நேரமெடுத்துப் பாருங்கள். மெலிந்த உழைக்கும் உடலைச் செய்ய அதை விட நல்ல பாடம் இந்த நாட்டில் இல்லை.

கூடையைத் தனியே, 9 செ.மீ உயரத்தில், 6 மி.மீ சுவரோடு செய்யுங்கள். உடலும் கூடையும் ஒரே ஈரத்தில் இருக்கும்போதுதான் ஒட்ட வேண்டும். ஒன்று காய்ந்து மற்றது ஈரமாக இருந்தால் ஒட்டிய இடம் அடுத்த நாள் பிரியும். கூடையின் அடிக்குக் கீழே அதே மண்ணில் ஒரு முட்டுக் கொடுங்கள். மரக்கட்டையை முட்டாக வைத்தால் உருவம் சுருங்கி இறங்கும்போது கட்டை கூடையை மேலே தள்ளிப் பிய்த்துவிடும்; மண்முட்டு கூடவே சுருங்கும். கயிற்றை 4 மி.மீ பட்டையாகக் கடைசியில் போடுங்கள். விரல்களை முதலில் கையுறை போல ஒரே தகடாகச் செய்து, கட்டைவிரலை மட்டும் பிரித்து, பிறகு மற்ற நான்கையும் கோடுகளால் காட்டுங்கள். தனித்தனி விரல் 4 மி.மீக்கு மெலிந்தால் சூளைக்குப் போகுமுன்னே உதிரும். கொழுந்தைக் கிள்ளும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அப்படித் தொட்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், முறியாது.